மயில்வாகனம் சொல்லாத சாட்சி

என் தம்பி மயில்வாகனத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு வருவதைப் படிக்கிறவர்கள் அவன் எப்போதுமே அப்படிப்பட்டவன் என்று நினைத்துவிடக் கூடாது.

எங்கள் தெருவில் கோர்வைப் புடவை நெய்கிறவர்களில் அவன் கை சுத்தமான கை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெய்யும்போதே இரண்டையும் பின்னிச் சேர்ப்பதுதான் கோர்வை. சேர்ந்த இடத்தை விரலால் தடவினால் மேடு தட்டக் கூடாது. அவன் நெய்ததில் தட்டாது. கோர்வைத் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள இன்னோர் ஆள் வேண்டும். அவனுக்குக் கல்யாணமாகித் துர்கா வரும்வரை அந்த ஆள் நான்தான். பக்கத்து வீட்டிலேயே நான் வாழ்க்கைப்பட்டதால் அவன் தறிச் சத்தம் இன்றைக்கும் எனக்குச் சுவர் வழியே கேட்கும். சத்தத்தை வைத்தே அவன் கோபமாக இருக்கிறானா, பசியாக இருக்கிறானா என்று சொல்லிவிடுவேன்.

நான் எட்டாவதோடு நின்றேன். அவன் பத்தாவது பாஸ். யாருக்கு ரேஷன் கார்டில் பெயர் தப்பாக வந்தாலும், யார் வீட்டு மீட்டர் ஓடாமல் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஆபீஸ்களுக்கு அலைய அவன் அலுத்ததில்லை. அப்படியே கட்சிக்காரர்கள் கண்ணில் பட்டு, தேர்தல் வந்தால் பூத் ஏஜென்ட்டாக உட்காரும் ஆளாகிவிட்டான்.

ஓட்டுச் சாவடிக்குள் போட்டியிடுகிற ஒவ்வொருவரும் தங்கள் ஆள் ஒருவரை உட்கார வைக்கலாம். அவர்தான் ஏஜென்ட். ஓட்டுப் போட வருகிறவர் பெயரை அலுவலர் சத்தமாகப் படிப்பார். அந்தப் பெயருக்கு உரியவர்தானா வந்திருக்கிறார் என்று ஏஜென்ட் பார்த்துச் சொல்ல வேண்டும். அலுவலர்கள் வெளியூர்க்காரர்கள். எங்களில் யார் யார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மயில்வாகனத்துக்குத் தெரியும். யார் வீட்டுப் பெண் தாமலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள், யார் ஐயம்பேட்டைக்குத் தறி மாற்றிக்கொண்டு போனார், யார் செத்துப்போனார், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. தேருக்கு வடம் பிடிக்கப் போகிறவன்போல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சட்டையில் அட்டையைக் குத்திக்கொண்டு, அவன் சாவடி இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போவதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

சட்டமன்றத் தேர்தலின்போது ஒரு சம்பவம் நடந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் குமாரசாமியின் பெயரில் எவனோ ஒருவன் ஓட்டுப் போட வந்துவிட்டான். வந்தவன் மயில்வாகனத்தின் கட்சிக்குப் போடுவதற்காகவே அழைத்து வரப்பட்டவன். இருந்தும் இவன் எழுந்து நின்று, "இவன் குமாரசாமி இல்லை சார்" என்று சொல்லிவிட்டான். வெளியே கட்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னாப்பா, நம்ம ஓட்டையே தடுத்துட்டியே!"

"குமாரசாமி பெங்களூர்ல கீறான்ணே. அவன் மூஞ்சி எனக்குத் தெரியும். இல்லாதவனை இருக்கான்னு சொல்லச் சொல்றியா?"

அதைத் தெருவே ஒரு மாதம் பேசியது. நான் வாலாஜாபாத்தில் ஒரு வளைகாப்புக்குப் போனபோதுகூட அங்கே உட்கார்ந்திருந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

இனி கங்கையம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருக் கோடியில், சாக்கடைச் சிறுபாலத்துக்குப் பக்கத்தில் அவருடைய சாயப்பட்டறை இருக்கிறது. பட்டறை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தகரக் கூரை, இரண்டு அடுப்பு, செம்பு அண்டாக்கள், பட்டு உலர்த்த மூங்கில். கணவர் இறந்த பிறகு அவரே நடத்துகிறார். என்னைவிடச் சில வயது மூத்தவர். கொதிக்கிற சாயத்தில் பட்டு நூலைக் கழியில் மாட்டித் திருப்பித் திருப்பி முக்கி எடுக்க வேண்டும். இரண்டு கையும் மணிக்கட்டு வரை எப்போதும் நிறம் ஏறியிருக்கும். கறுப்பும் அரக்கும் தோய்க்கிற நாட்களில் நகக்கண் எல்லாம் கரிபோல் ஆகிவிடும். கையுறை போட்டால் என்ன என்று நான் ஒரு முறை கேட்டேன். "உள்ள வெந்நீர் பூந்துக்கினா அப்பிடியே கையோட வெந்துடும் தையலு" என்றார். என் பெயர் தையல்நாயகி. அவர் மட்டும் என்னைத் தையலு என்பார்.

மயில்வாகனத்துக்கும் அவருக்கும் நல்ல பழக்கம். அவன் கல்யாணக் கூறைப் பட்டுக்குச் சாயம் தோய்த்தவர் அவர்தான். அவன் நூல் வாங்கப் போனால், "வாப்பா ஏஜென்ட்டு, டீ குடிக்கிறியா, இல்லை எதிர்க்கட்சி டீன்னு வேணாம்னுடுவியா?" என்பார். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூலுக்கு, வேண்டிய பட்டைச் சாயக்காரர் தன் கையாலேயே நெய்கிறவர் கையில் கொடுக்க வேண்டும், வாங்குகிறவர் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அவர் கையால் வாங்கினால் கோர்வை சுத்தமாக வரும் என்று என் தம்பி நம்பினான்.

கொரோனா ஓய்ந்துகொண்டிருந்த ஒரு மாசி மாதம் மாநகராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் ராமராஜன் நின்றார். முன்பும் கவுன்சிலராக இருந்தவர். மயில்வாகனம் அவருடைய ஏஜென்ட். எதிரில், தையல் கடை வைத்திருக்கும் இளவரசி சுயேச்சையாக நின்றாள். அவள் நின்றதே அந்தச் சிறுபாலத்துக்காகத்தான். மழை பெய்தால் பாலம் அடைத்துக்கொள்ளும். சாக்கடைத் தண்ணீர் முதலில் நுழைவது கங்கையம்மாளின் அடுப்புக்குள். ராமராஜனிடம் பல தடவை சொல்லியும் நடக்கவில்லை.

கங்கையம்மாள் மனசில் எதையும் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. குழாயடியில் எல்லாரும் கேட்கவே சொன்னார்: "என் ஓட்டு இளவரசிக்குத்தான். என் அடுப்புல தண்ணி ஊத்தினவனுக்கு நான் ஓட்டுப் போடுவனா?"

பக்கத்தில் குடத்தோடு நின்ற மயில்வாகனம் சிரித்தான். "ரகசிய ஓட்டுக்கா அது. இப்பிடித் தண்டோரா போடக் கூடாது."

"ரகசியம்லாம் பயந்தவங்களுக்குடா."

அப்போது இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் ராமராஜன் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் பூத்துதான்பா எனக்கு இழுபறி. ஒவ்வொரு ஓட்டும் கணக்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஓட்டு நாளன்று சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு நான் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் கங்கையம்மாள். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு பேசிக்கொண்டே வந்தார். உள்ளே போனோம். என் பெயரைப் படித்தார்கள், மை வைத்தார்கள், நான் அட்டை மறைப்புக்குப் பின்னால் போனேன். ராமராஜனின் சின்னத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் பேச்சு கேட்டது.

"விரலைக் காட்டுங்கம்மா. என்னம்மா இது, கை முழுக்கக் கறுப்பு?"

"சாயம் சார். நேத்து அரக்குக் கரைக்குத் தோய்ச்சேன். நான் சாயக்காரி."

"இதுல மை எது, சாயம் எதுன்னு நான் எப்படிம்மா கண்டுபிடிக்கிறது? ஏற்கெனவே மை வெச்ச விரல்னா விடக் கூடாது."

"பத்து விரலும் ஒரே மாதிரி இருக்குது பாருங்க சார். பத்துலயுமா மை வெச்சாங்க? நான் இன்னா ராவணனா, தலைக்கு ஒரு ஓட்டுப் போட?"

சிலர் சிரித்தார்கள். நானும் மறைப்புக்குள்ளேயே சிரித்தேன். அந்த அலுவலரும் மோசமானவர் இல்லை. குரலில் சிரிப்பு இருந்தது. "ஏஜென்ட் யாராவது சொல்லுங்கப்பா. இந்தம்மா ஏற்கெனவே போட்டாங்களா, இல்லையா?"

இளவரசிக்காக உட்கார்ந்திருந்த பெண் சாப்பிடப் போயிருந்தாள். இன்னொருவர் அடுத்த தெருக்காரர். தனக்குத் தெரியாது என்றார். தம்பி சொல்வான் என்று நான் பட்டனில் விரலை வைத்தபடி காத்திருந்தேன். அவன் குரல் வந்தது.

"ரூல் இன்னாவோ அப்பிடிப் பாத்துக்குங்க சார்."

அவ்வளவுதான் சொன்னான்.

"டேய் மயிலு, என்னைத் தெரியாதாடா உனக்கு?"

"தெரியாதுன்னு சொல்லலியேக்கா. சாரு கேக்கறது மையைப் பத்தி."

அலுவலர் பெருமூச்சு விட்டார். "கழுவிட்டு வாங்கம்மா. விரல் தெரிஞ்சாப் போதும். நேரம் இருக்கு." நான் பட்டனை அழுத்திவிட்டு வெளியே வந்தபோது கங்கையம்மாளின் முதுகுதான் தெரிந்தது. மயில்வாகனம் குனிந்து தன் வாக்காளர் பட்டியலில் எதையோ டிக் அடித்துக்கொண்டிருந்தான். நான் நின்று பார்த்தேன். அவன் தலையை நிமிர்த்தவில்லை.

பட்டுச் சாயம் சோப்புக்குப் போகிற சாயம் இல்லை. அது எங்கள் தெருவில் பிறந்த எல்லாருக்கும் தெரியும், என் தம்பிக்கும் தெரியும். கங்கையம்மாள் எலுமிச்சம்பழம், சீயக்காய், பிளீச்சிங் பவுடர் என்று எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்திருக்கிறார். சுமாராக ஒரு விரல் வெளுத்ததும் ஓடினார். பள்ளிக்கூட வாசலில் போலீஸ்காரர் தடுத்துவிட்டார். ஐந்து மணிக்கு மேல் கடைசி ஒரு மணி நேரம் கொரோனா நோயாளிகளுக்கு மட்டும். அந்த விவரம் அவருக்குத் தெரியாது.

"அப்ப எனக்குக் கொரோனான்னு வெச்சுக்கோப்பா. உள்ள விடு."

"சர்ட்டிபிகேட் இருக்காம்மா?"

"இருமிக் காட்டட்டுமா?"

பார்த்தவர்கள் இதையும் சிரிப்பாகத்தான் சொன்னார்கள். பிறகு அவர் வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தாராம், உள்ளே மெஷினுக்குச் சீல் வைக்கும்வரை. மயில்வாகனம் பின்பக்க வழியாக வீட்டுக்கு வந்தான்.

ராமராஜன் ஜெயித்தார். ஒரு ஓட்டு, இரண்டு ஓட்டு வித்தியாசம் இல்லை, நன்றாகவே ஜெயித்தார். கங்கையம்மாள் போட்டிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. அதைத்தான் நான் துர்காவிடம் சொன்னேன். துர்கா சாந்தமான பெண். நாத்தனாரை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"மாறும் மாறாதுன்னு பாத்தா யாருமே போக வேணாமே அண்ணி. அது அவங்க ஓட்டு."

"அவன் பொய் சொல்லலியே? ரூல்படி பாருங்கன்னான். அதுல இன்னா தப்பு?"

"பொய் சொல்லியிருந்தாக்கூட யாராவது எதுத்துக் கேட்டிருப்பாங்க. இதைக் கேக்க முடியலியே."

மயில்வாகனம் தறியில் உட்கார்ந்திருந்தான். எல்லாம் காதில் விழுந்திருக்கும். நாடாவைத் தள்ளிக்கொண்டே இருந்தான். அந்தத் தறிச் சத்தத்தில் அவன் மனசு எப்படி இருக்கிறது என்று எனக்கு முதல் தடவையாகப் பிடிபடவில்லை.

அடுத்த பாவுக்குப் பட்டு வாங்க அவன் பட்டறைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். பட்டு தயாராக இருந்தது, பொன்வண்டு நிறத்தில், குறை சொல்ல முடியாத சாயம். மயில்வாகனம் இரண்டு கையையும் நீட்டினான். கங்கையம்மாள் பட்டை முக்காலி மேல் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கையில குடுக்கா" என்றான்.

"வேணாம்பா. சாயக் கை. உன் கையில பட்டா, நீயும் ரெண்டு தடவை ஓட்டுப் போட்டவன்னு யாராவது சொல்லிடப் போறாங்க."

அவன் முக்காலியிலிருந்து எடுத்துக்கொண்டான். கண்ணில் ஒற்றவில்லை. திரும்பி நடக்கும்போது என்னைப் பார்த்து, "சும்மா கிண்டல் பண்ணுது" என்றான். அவன் காது சிவந்திருந்தது. அந்தப் பாவில் நெய்த புடவையில் கோர்வை நன்றாகத்தான் வந்தது. அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

ஐப்பசியில் ஒரு பெரிய மழை. சிறுபாலம் வழக்கம்போல் அடைத்துக்கொண்டது. மயில்வாகனம் மாநகராட்சிக்குப் போன் செய்தான், ராமராஜன் வீட்டுக்கு ஓடினான். அவர் சென்னையில் இருந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வாளியோடு பட்டறைக்குப் போய்விட்டான். அடுப்பு இரண்டும் முழுகிக் கிடந்தன. கங்கையம்மாள் ஒரு அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். நான் குடையோடு வாசலில் நின்றேன். அவன் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்க்கா. தப்புதான். மன்னிச்சுக்கோ."

"மன்னிப்புக் கேக்கவா வந்த? நீ என் ஓட்டைக் கொண்டாந்திருக்கியோன்னு நெனைச்சேன்."

அவன் நிமிர்ந்தான்.

"கொண்டாந்தியா? இல்லை இல்ல? அப்ப வாளியை வெச்சுட்டுப் போப்பா. வாளி வேணும் எனக்கு."

வாளியை வைத்துவிட்டு வந்தான். எனக்குக் கங்கையம்மாள்மேல்தான் கோபம் வந்தது. மூத்தவர், விட்டுக்கொடுத்தால் என்ன? வீட்டுக்கு வந்து ஈரப் புடவையைப் பிழியும்போதுதான் தோன்றியது: எதை விட்டுக்கொடுப்பது? என் தம்பியால் அவருடைய பொருள் ஒன்று போயிற்று. அது திரும்பக் கொடுக்கிற பொருளாகவும் இல்லை.

அதற்குப் பிறகு அவன் கட்சிக் கூட்டங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டான். ரேஷன் கார்டு, மீட்டர் என்று யார் வந்தாலும் பழையபடி போய்த்தான் வந்தான். ஆனால் யாராவது குமாரசாமி கதையை எடுத்தால் எழுந்து போய்விடுவான். நானும் அதைச் சொல்வதை விட்டுவிட்டேன்.

நாடாளுமன்றத் தேர்தல் சித்திரையில் என்று அறிவித்தார்கள். பங்குனி பிறந்ததும் கங்கையம்மாள் தெருவில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார்: ஓட்டு முடியும்வரை கறுப்பு, அரக்கு, நீலம், எதுவும் தோய்க்க மாட்டேன். கல்யாணச் சீசன். பாவுக்குக் காத்திருந்தவர்கள் பட்டறை வாசலில் சத்தம் போட்டார்கள்.

"முகூர்த்தத்துக்கு அரக்குப் புடவை கேட்டிருக்காங்கக்கா. நான் இன்னா பதில் சொல்ல?"

"ஓட்டுப் போட்டுட்டுத்தான் அரக்கு. அவசரம்னா பொண்ணை மஞ்சள் கட்டிக்கினு மணையில உக்காரச் சொல்லு."

நிறம் தப்பிப்போன பட்டை மறுபடி வெளுக்க ஹைட்ரோஸ் என்று ஒரு பவுடர் உண்டு. தொட்டால் கை எரியும், மூக்கில் நெடி ஏறும். அதைக் கரைத்துத் தினமும் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வருஷக்கணக்கில் ஏறிய சாயம் லேசில் விடவில்லை. வழியில் போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். மயில்வாகனமும் பார்த்தான். அன்று மதியம் சோற்றைப் பிசைந்தவன் சாப்பிடாமல் எழுந்தான்.

மறுநாள் தாலுகா ஆபீசுக்குப் போனான். தேர்தல் வேலையில் இருந்த ஒருவரிடம், சாயம் தோய்க்கிறவர்கள் ஓட்டுப் போட வந்தால் என்ன விதி என்று கேட்டிருக்கிறான். அவர் பைல்களை அடுக்கிக்கொண்டே சொன்னாராம்: "இதுக்கு எதுக்குய்யா தனி விதி? உள்ளூர் ஆளுங்க சொன்னாத் தெரிஞ்சுபோச்சு. அதுக்குத்தானே ஏஜென்ட்டுன்னு உள்ளே உக்கார வெக்கிறோம்?"

அவன் ஏஜென்ட் என்று அவருக்குத் தெரியாது. திரும்பி வந்து என்னிடமும் துர்காவிடமும் இதைச் சொன்னான். இந்தத் தடவை உட்காரப் போவதில்லை, கட்சியில் சொல்லிவிடப் போகிறேன் என்றான். நான் சரி என்றேன். அவன் தெருவில் தலைகுனிந்து நடப்பதை அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. துர்காதான், "நீங்க உக்காரலைன்னா அந்தக்காவுக்கு யாரு சொல்றது?" என்றாள்.

உட்காருவது என்று ஆயிற்று. அதிலிருந்து அவன் தறியில் உட்கார்ந்தபடி வாய்க்குள் எதையோ சொல்லிச் சொல்லிப் பார்ப்பது எனக்குச் சுவர் வழியே கேட்டது. "சார், இவங்க கங்கையம்மாள். சாயக்காரங்க. கையில இருக்கறது சாயம். போன தேர்தல்ல இவங்க ஓட்டு என்னாலதான் போச்சு." இதையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். கட்சி ஆட்கள் முன்னால், தெரு ஜனங்கள் முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தான்.

ஓட்டு நாள் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே போனோம். இந்தத் தடவை கங்கையம்மாள் முன்னால், நான் பின்னால். அவர் கையை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். சாயம் போயிருந்தது. கூடவே தோலும் போயிருந்தது. விரல் கணுக்கள் வெடித்து, ஓரங்களில் செக்கச்செவேலென்று, துவைத்துத் துவைத்து நைந்த துணிபோல இருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"கல்யாணப் பொண்ணு கை மாதிரி கீதா தையலு?"

வரிசை நகர்ந்தது.

உள்ளே அலுவலர் பெயரைப் படித்தார். படித்து முடிக்கும் முன்பே மயில்வாகனம் எழுந்துவிட்டான். நாற்காலி சத்தம் போட்டது.

"சார், இவங்க கங்கையம்மாள். சாயக்காரங்க. இவங்க கையில…"

"யாராவது ஆட்சேபணை சொன்னாங்களா?" என்றார் அலுவலர்.

"இல்லை சார். நான் இன்னா சொல்ல வர்றேன்னா, போன தேர்தல்ல…"

"ஆட்சேபணை இல்லேல்ல? உக்காருங்க. வரிசை நிக்குது."

அவன் நின்றுகொண்டே இருந்தான். கங்கையம்மாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மை வைக்கிற பெண் அலுவலரிடம் இடது கையை நீட்டினார். யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. விரல் சுத்தமாக இருந்தது.

"ஐயோ, என்னம்மா கை இப்படிப் புண்ணாகிக் கிடக்கு?"

"கழுவினேன்மா."

"எதுக்கு இவ்வளவு கழுவினீங்க?"

"ஓட்டுப் போடத்தான்."

மை வெடிப்புக்குள் இறங்கியபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். மறைப்புக்குப் பின்னால் போனார், மெஷின் சத்தம் கேட்டது, வெளியே போய்விட்டார். மயில்வாகனம் அப்போதுதான் உட்கார்ந்தான். அவன் சாட்சி தேவைப்படாதபடி அவர் ஏற்பாடு செய்துகொண்டு வந்திருந்தார். என் பெயரைப் படித்தபோது அவன் என்னை அடையாளம் சொல்லக்கூட நிமிரவில்லை.

வெளியே கங்கையம்மாள் வேப்பமர நிழலில் கையை ஊதிக்கொண்டு நின்றார். நான் கிட்டே போனேன்.

"உன் தம்பி என்னவோ சொல்ல எழுந்தான்" என்றார்.

"உங்களைப் பத்தித்தான்க்கா. நாலு பேர் முன்னாடி சொல்லணும்னு…"

"நெனைச்சேன். எனக்கு அதைக் கேக்கணும்னு தோணலை தையலு. அவன் சொன்னாத்தான் என் ஓட்டுன்னு மறுபடி நிக்க எனக்கு மனசில்லை." கோபமாகச் சொல்லவில்லை. கடையில் கணக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு நடந்தார்.

சாயங்காலம், மெஷினுக்குச் சீல் வைத்துக் கையெழுத்தெல்லாம் போட்டுவிட்டு, மயில்வாகனம் இந்தத் தடவை முன்வாசல் வழியாகவே தெருவில் நடந்து வந்தான். நான் என் வீட்டு வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அட்டையைச் சட்டையிலிருந்து கழற்றினான்.

"மூணு மணி வாக்குல விமல்ராஜ் வந்தான்க்கா" என்றான்.

விமல்ராஜ் வேறொரு பட்டறையில் சாய வேலை செய்யும் பையன். எங்களுக்கு எதிர்க்கட்சி, கொடி கட்டிய பைக்கில் என் தம்பியை உரசுவதுபோல் ஓட்டிப் போகிறவன்.

"கை பூரா நீலம். சாரு பாத்துட்டு நிறுத்திட்டாரு. ஏஜென்ட்டுங்க சொல்லுங்கன்னாரு. அந்தப் பையன் என்னைத்தான் பாத்தான். மூஞ்சி செத்துப்போச்சு அவனுக்கு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு முடிவே பண்ணிட்டான்."

"நீ இன்னா சொன்ன?"

"சாயம் சார், இன்னும் போடலை. அவ்வளவுதான் சொன்னேன். சரின்னு மை வெச்சு அனுப்பிட்டாரு."

நான் நல்ல வேலை செய்தாய் என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். அவன் நல்ல பெயருக்காக அதைச் சொல்லவில்லை.

"ரெண்டு சொல்லுக்கா. எழுந்துக்கக்கூட இல்லை. உக்காந்த எடத்துலேருந்தே சொன்னேன். அன்னைக்கும் அதே ரெண்டு சொல்லுதானே?"

சின்ன வயதிலிருந்து அவன் எதைச் செய்துவிட்டு வந்தாலும் அவன் பக்கம் ஒரு நியாயம் கண்டுபிடித்துச் சொல்கிறவள் நான். எதிர்வீட்டுக் கண்ணாடியை உடைத்தபோதும் சொன்னேன், பாவு அறுந்து முதலாளி ஏசியபோதும் சொன்னேன். துர்காவிடம் சண்டை போட்டும் சொன்னேன். அன்றைக்கும் தேடினேன்.

"ஆமாண்டா" என்றேன். "அதேதான்."

அவன் தலையாட்டினான். முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கித் தெருவில் போட்டான். பிறகு இன்னொன்றை.